அப்பாவுக்கு மகள் கொடுத்தது

பள்ளி பஸ் ஓட்டும் அவளுக்கு ஸ்டியரிங் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்த முட்டுச்சந்திலிருந்தும் வண்டியைப் பின்னால் எடுத்துவிடுவாள். வாயும் அப்படித்தான், யாருக்கும் வழிவிடாது. அப்படிப்பட்டவள் அந்த மாதம் முழுக்க வாயடைத்துக் கிடந்தாள்.

பெயிண்டரான அவள் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டுமே கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் முடிந்து வரும்போதெல்லாம் பிழிந்துபோட்ட துணி மாதிரி வருவார். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் டாக்டர். முதலில் அவள்தான் போய் நின்றாள். சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்றுவிட்டார்கள். மாமனார், "எனக்கு இனிமே எதுக்கும்மா ரெண்டு?" என்று கிளம்பினார். அவர் வயதுக்கு எடுக்க முடியாது என்றதும் கிழவருக்குச் சோறே இறங்கவில்லை.

பொருந்தியது பேக்கரியில் வேலை பார்க்கும் மகளுடையது. யாரிடமும் சொல்லாமல் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அன்று சாப்பிடும்போதுதான் விஷயம் வெடித்தது. கணவர் தட்டை நகர்த்திவைத்தார். "பெத்த பிள்ளை உடம்பைக் கிழிச்சுத்தான் நான் பிழைக்கணுமா?"

நாளைக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வந்தால் என்னாவது என்று மாமனார் கேட்டார். அதையெல்லாம் டாக்டரிடம் கேட்டாகிவிட்டது என்றாள் மகள். பிறகு மூன்று பேரும் ஸ்டியரிங் அக்காவைப் பார்த்தார்கள். சரி என்றால் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. வேண்டாம் என்றால் கட்டினவரைக் கைகழுவுவது போலிருந்தது. என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "வேணாம்னு சொல்லிட்டா உங்களுக்கு நிம்மதிப்பா. குடுத்திருக்கலாமேன்னு காலம் பூரா கெடந்து வேகப்போறது நான்."

முதலில் இளகியவர் மாமனார்தான். "குடுக்க முடியாம போற வேதனை எனக்குத் தெரியும்டா. வாங்கிக்க."

கணவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சையன்று எதிரெதிரே இரண்டு அறைகள். நடுவில் பெஞ்சில் அவளும் மாமனாரும். நர்ஸ் வெளியே வந்ததும் எழுந்தாள். யாரைப் பற்றி முதலில் கேட்பது? அவள் முகத்தைப் பார்த்த நர்ஸே, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றாள். மாமனார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

இப்போது கணவர் மறுபடி ஏணி ஏறுகிறார். மகளும் பேக்கரிக்குப் போய்வருகிறாள். ஆனாலும் மகள் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டால் போதும், ஸ்டியரிங் அக்கா கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவாள்.

"நின்னு நின்னு கால் கடுக்குதும்மா, வேற ஒண்ணுமில்ல" என்பாள் மகள்.

நம்பிவிட்டவள் போல அவள் தலையாட்டுவாள்.