மணிக்கூண்டைச் சுற்றிப் போகும் வழி

அன்று சமையலறையில் ஐந்து பேர் இருந்தோம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நான், கரட் நறுக்கிக்கொண்டு மன்னார் அன்ரி, தட்டுக் கழுவும் பிலிப்பைன்ஸ்காரர், பால் பெட்டி இறக்க வந்த சாரதி, கையில் பட்டியலோடு எங்கள் சுப்பர்வைசர் அம்மா. குளிரறைக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த தபாலட்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறக் கல்லில் கட்டிய உயரமான மணிக்கூண்டு, அதன் அடியில் நான்கு பக்கமும் திறந்த வளைவு, சுற்றிவர உருளைக் கற்கள் பதித்த முற்றம். நாங்கள் வேலை செய்தது மிசிசாகாவில் ஒரு பெரிய அலுவலகத்தின் கன்ரீனில். ஏழு வருடமாக அந்தப் படத்தைப் பார்த்தும் எந்த இடம் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் ஆங்கிலத்தில் நீண்ட பதில் வரும், விளங்காமல் தலையாட்ட வேண்டிவரும் என்ற பயம்.

பயம் என்னோடு கூடப் பிறந்தது. பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் வேலை போய்விட்டதென்றே நினைப்பேன். வீட்டுக்கு வரும் கடித உறைகளை மனைவிதான் உடைப்பாள். அந்த வாரம் மகளுக்கு அயர்லாந்தில் டப்ளின் நகரத்தின் பழைய பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. இங்கே இரண்டு முறை விண்ணப்பித்தும் கிடைக்காத இடம். போவதானால் வீட்டை வைத்துக் கடன் எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் போன பிள்ளை படிப்பு ஏறாமல் திரும்பி வந்தால்? வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவெடுத்து, அதை அன்ரியிடம் தமிழில்தான் சொன்னேன். ஆனால் டப்ளின் என்ற சொல் சுப்பர்வைசர் அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

அவர் அயர்லாந்தில் பிறந்தவர். வெங்காயம் தடிப்பாக நறுக்கினால் அப்படியே தட்டைத் திருப்பி அனுப்புகிறவர். சொந்தக் கதை எதுவும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. நேரே போய் அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து என் உருளைக்கிழங்கு வாளிக்குப் பக்கத்தில் வைத்து, இந்த இடமா என்று கேட்டார். மகள் தொலைபேசியில் காட்டிய படத்திலும் இதே மணிக்கூண்டுதான். ஓம் என்றேன்.

நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து இராணி ஒருத்தி பட்டயம் கொடுத்துத் தொடங்கிய இடம் என்றார். வேறு சபையாரின் இடமென்று நெடுங்காலம் கத்தோலிக்கருக்கு அங்கே கதவு மூடியிருந்ததாம். கதவு திறந்த பிறகு கத்தோலிக்கத் திருச்சபையே தன் பிள்ளைகளைத் தடுத்ததாம், ஆயர் அனுமதி தந்தால்தான் போகலாமாம். நான் இதைத் தமிழில் சொல்ல, அன்ரி கத்தியைக் கீழே வைத்தார்.

“படிக்கப் போறதுக்கும் ஆயரிட்டைத் துண்டு வாங்கவேணுமோ? எங்கடை ஆயர் எண்டால் பிடரியிலை பிடிச்சுத் தள்ளியெல்லோ விட்டிருப்பார்.”

அதை நான் ஆங்கிலமாக்கியபோது சுப்பர்வைசர் அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். அந்தத் தடையால் அவருடைய அண்ணன் போகவில்லை. தடை நீங்கிய சில வருடத்தில் இவர் போனார். அந்த வாசலைத் தாண்டிய முதல் ஆள், அவர்கள் வீட்டில். வாசலில் கறுப்புத் தொப்பி போட்ட காவலர்கள், மழை பெய்தால் வழுக்கும் முற்றம், ஒரு மாணவர் எழுந்து லத்தீனில் மனப்பாடமாகச் செபம் சொல்லி முடிக்கும்வரை எவரும் கரண்டியைத் தொடாத பெரிய சாப்பாட்டு மண்டபம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, விரலை அட்டையில் வளைவின் மேல் வைத்தார். படித்து முடிக்கும்வரை மாணவர்கள் இதன் கீழே நடக்கமாட்டார்களாம். நடக்கும்போது மணி அடித்தால் பரீட்சையில் தவறிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இரண்டாம் வருடத்தில் இவர் பந்தயத்துக்காக நடந்தார். மணி அடித்தது. தோழிகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

“தவறிவிட்டீர்களா?” என்று கேட்டேன்.

பரீட்சையே எழுதவில்லை என்றார். அன்று காலை மண்டபத்துப் படியில் பேனையோடு நின்றிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். இவர் திரும்பி வாசலுக்கு நடந்தார், பிறகு நாட்டை விட்டே கப்பலேறினார். “தவறியிருந்தால் மறுபடி எழுதியிருப்பேன். எழுதாததை எப்படி மறுபடி எழுதுவது?” என்று சொல்லிவிட்டு, பால் பெட்டிகளை எண்ணப் போய்விட்டார்.

அடுத்த உருளைக்கிழங்கை எடுத்தேன். ஊரில் நடந்த சண்டையால் என் படிப்பு எட்டாம் வகுப்போடு போனது என்றுதான் எல்லாருக்கும் சொல்வேன். அது பாதி உண்மை. எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமாக இருந்து ஒரு வருடம் கழித்துத் திறந்தது. திறந்த அன்று வாசல்வரை சைக்கிளில் போனேன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும், பின்தங்கிவிட்டேன் என்று சிரிப்பார்கள் என்று நினைத்துச் சைக்கிளைத் திருப்பினேன். இந்த மறுபாதியை அன்றுவரை எனக்கே நான் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை கடன் தாளில் கையெழுத்து வைத்தேன். தாள் நகராமல் மனைவி பிடித்துக்கொண்டாள்.

பயம் மட்டும் விடவில்லை. மகள் போன நாளிலிருந்து ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் மணிக்கூண்டின் கீழே நடக்காதே என்று ஞாபகப்படுத்துவேன். “உந்த மணிக்குப் பயந்து அவள் பாவம், சுத்திச் சுத்தியே தேஞ்சு போனாள்” என்பாள் மனைவி. சுப்பர்வைசர் அம்மா ஓய்வுபெற்ற நாளில் அந்த அட்டையைக் காந்தத்தோடு என் மேற்சட்டைப் பையில் செருகிவிட்டார். இரண்டு குளிர்காலம் கழித்து அவர் காலமான செய்தி வந்தது. அந்த மாதமே ஸ்காபரோவில் வளர்ந்தவர்களுக்கான பள்ளியில் என் பெயரைப் பதிந்தேன். பதிவு மேசைவரை போய் இரண்டு முறை திரும்பி, மூன்றாம் முறைதான் பதிந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் மகளின் பட்டமளிப்புக்குப் போனோம். கறுப்பு அங்கியோடு அவள் முதல்முறையாக அந்த வளைவின் கீழே நடந்தாள், பின்னால் என் மனைவி. நான் சுற்றிக்கொண்டு போனேன்.

“அப்பா, கமோன். நீங்க இங்க ஸ்ருடன்ற்கூட இல்லையே.”

“இஞ்சை இல்லைப் பிள்ளை. ஸ்காபரோவிலை.”

போன சனிக்கிழமை எனக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு மணி நேரம் முன்னரே போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருமுறை பார்த்தேன், மறைக்கவில்லை. பிறகு உள்ளே போனேன். அன்று அந்த அறையில் பதினொரு பேர் இருந்தோம். கடைசி மேசையில் நான், என் பையில் தபாலட்டை.

இப்போது அது எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பழைய காந்தத்தோடு இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. வரும் உறையை நான்தான் உடைப்பேன் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தவறியிருந்தால் மறுபடி எழுதுவேன்.