தண்ணி உங்களுக்கு

போன கிழமை குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வீதியால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போனது. ஜனாதிபதித் தேர்தலாம். ஆண்குரல் ஒன்று காற்றில் இழுபட்டுக் கூப்பிட, நான் கையில் செதிளோடு "ஓம்!" என்று கத்திவிட்டேன். மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஆரோட கதைக்கிறியள், மாமி?" ஆட்டோக்காரன் ஒரு வாக்குக் கூடிவிட்டதென்று நினைத்திருப்பான். பாவம், நான் பதில் சொன்னது அறுபதாம் ஆண்டுக் குரல் ஒன்றுக்கு.

அந்த ஒரு வருடத்தில் இரண்டு தேர்தல். பங்குனியில் வந்த ஆட்சி நிலைக்காமல் ஆடியில் மறுபடியும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்கு வந்து இரண்டு வருடம். நான் இருபது வயது இளம்பெண்சாதி. சோளகக் காற்று இரவும் பகலும் அடித்தது. துண்டுப்பிரசுரங்கள் வேலியெல்லாம் ஒட்டிக்கொண்டு படபடத்தன. ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஆண்கள் சாப்பாட்டில் பாதியில் எழும்பிப் பரந்தன் சந்திக்கு ஓடுவார்கள், கூட்டம் கேட்க.

இரண்டு தமிழ் வேட்பாளர்களும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் உரிமையை உறுதியாகக் கேட்பேன் என்றார், மற்றவர் அதைவிட உறுதியாகக் கேட்பேன் என்றார். இதற்காகத்தான் ஆளுக்கொரு பக்கம் நின்று என் புருஷனும் பக்கத்துக் காணிச் சின்னத்துரை அண்ணையும் சந்தியில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் காடு வெட்ட வந்த நாளில் கஞ்சி காய்ச்சித் தந்தது அந்த அண்ணை வீடு. "இனி அந்தாளோட எனக்கொரு கதையுமில்லை" என்று இவர் சத்தியம் பண்ணினார். புருஷன் பண்ணிய சத்தியத்தில் எனக்கும் பங்கு என்றுதான் அப்போது நினைத்தேன், அவ்வளவு விசரி நான்.

எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை முடிந்தவர் தன் வயல் வாயைப் பலகையால் அடைத்துவிட்டு, அடுத்த காணிக்காரரை "தண்ணி உங்களுக்கு!" என்று கூப்பிடவேண்டும். அவர் "ஓம்" என்றால்தான் முறை கைமாறும். பதில் வராவிட்டால் கூப்பிட்டவரே தண்ணீரைத் தன் வயலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்க எங்கள் முறை வந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம், நிலமோ வெடித்துக் கிடந்தது. அந்தத் தண்ணீர் தப்பினால் போகமே பதர்தான். எங்களுக்கு முந்திய முறை சின்னத்துரை அண்ணையினுடையது.

மத்தியானம் அவர் குரல் வந்தது. "தண்ணி உங்களுக்கு!" இவர் கதிரையில் அசையாமல் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, அண்ணை கூப்பிடுறார்."

"கேக்குது. பேசாமல் இரும்."

இரண்டாம் தரமும் கூப்பிட்டார். இவர் பேப்பரைப் பிரித்தார். அண்ணை பலகையை எடுத்துத் தண்ணீரைத் தன் வயலுக்கே விட்டிருக்கலாம், அவர் வயலும் காய்ந்துதான் கிடந்தது. அவரோ எங்கள் வேலிவரை வந்து, வேட்டியைக் காற்று பறிக்க, மூன்றாம் தரமும் கூப்பிட்டார்.

நான் ஓடினேன். பொம்பிளை ஒருத்தி வயல்வெளி கேட்கக் கத்துவது அப்போது மரியாதையில்லை. "ஓம், அண்ணை! ஓம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சரி பிள்ளை. மண்வெட்டியோட அவரை வரச்சொல்லுங்கோ, வாய்க்கால் கரை கரையுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் வாக்குப்போடும் நாள்வரை என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அண்ணை கூப்பிட்ட அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். வாக்குச்சாவடியில் என் கை சின்னத்துரை அண்ணையின் ஆளுக்குத்தான் புள்ளடி போட்டது. இவரிடம் கடைசிவரை சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். இவருடைய ஆள் வென்றார், இவர் வெடி கொளுத்தினார். கேட்பதாகச் சொன்ன உரிமைதான் வரவில்லை.

அந்தப் போகம் நெல் நன்றாக விளைந்தது. அதன்பிறகு எத்தனை தேர்தல் வந்தும், இவர் அண்ணையின் முதல் கூப்பாட்டுக்கே "ஓம்" என்றார்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன இடங்களில் இவரும் அண்ணையும் கண்ணை மூடிவிட்டார்கள். அண்ணையின் பிள்ளைகள் கனடாவில். அவர்கள் காணி பற்றை பிடித்துக் கிடக்கிறது. எங்கள் முறை நாள் இப்போது மகனின் கைத்தொலைபேசிக்குச் செய்தியாக வருகிறது. அதற்கு ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லை.