நெகட்டிவில் விழுந்த பிறைகள்

அவருக்கு மூக்கு மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்டுடியோவில் இருட்டறை வேலை முழுக்க அவருடையது என்பதால் தெருவே அவரை இருட்டுக்காரர் என்றுதான் கூப்பிடும். படம் எடுப்பது மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. எடுத்த ஃபிலிமைக் கழுவி நெகட்டிவ் ஆக்குவது இவர். இருபத்தாறு வருஷமாக அந்த அறைக்குள் இன்னொருவர் கை ஃபிலிமைத் தொட்டதில்லை. இவர் தொட விட்டதில்லை.

கும்மிருட்டில் ஃபிலிமை டப்பியிலிருந்து உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக வளைத்து, ஒரு சுருள் சட்டத்தில் மடிப்பு விழாமல் சுற்ற வேண்டும். அதைத் தொட்டிக்குள் வைத்து மூடிய பிறகுதான் விளக்கைப் போடலாம், மருந்தை ஊற்றலாம். அது வரைக்கும் கண்ணுக்கு அங்கே வேலையே கிடையாது. “கண்ணு தூங்கட்டும், கை முழிச்சிருந்தா போதும்” என்று பெருமையடித்துக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, பெருமைக்குக் காரணம் இருந்தது. அவர் கழுவிய ஃபிலிமில் ஒரு கீறல்கூட யாரும் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, காயப்போட்டிருந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்குத் திக்கென்றது. நகத்தளவில் கறுப்பாக ஒரு பிறை. நாலு படம் தள்ளி இன்னொன்று. பிரிண்ட் போட்டால் அது வெள்ளையாக விழுந்தது, அதுவும் பள்ளிக்கூட டீச்சரம்மா கன்னத்தில், கத்தி வெட்டின மாதிரி.

அடுத்த வாரம் ஐந்து பிறை. மாதக் கடைசியில் ஒரே சுருளில் பதினொன்று. ஒரு கைக்குழந்தையின் கழுத்துக்குக் குறுக்கே விழுந்திருந்ததைப் பார்த்த அதன் தாய், “இது எனக்கு வேணாங்க, பாக்கவே பயமா இருக்கு” என்று படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூடப் படம் எடுக்க வரவில்லை.

இருட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காரணம் தேடினார். ஃபிலிம் பழசோ என்று வேறு கம்பெனி ஃபிலிம் வாங்கினார். பிறை விழுந்தது. மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தார், தண்ணீரை வடிகட்டினார். விழுந்தது. காயப்போடும் கிளிப்புகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கிளிப் பிடிப்பது ஓரத்தை, கறை விழுவதோ நட்டநடுவில், அதைக் கழுவி என்ன பிரயோஜனம் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் தேய்த்தார்.

மிச்சமிருந்தது மச்சினனின் கேமராதான்.

“உன் தம்பி கேமராவைத் திறந்து நோண்டுறான். இந்த மாசத்தோட வேற வேலை பாத்துக்கச் சொல்லு” என்றார் மனைவியிடம்.

“அவன் எங்க போவான்? ரெண்டு பிள்ளைங்க இருக்கு அவனுக்கு.”

“பூராப் படமும் பாழாகுது. கடையை இழுத்து மூடட்டுமா?”

மச்சினன் வாய் செத்தவன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அன்றைக்கு அவன் வாயைத் திறந்தான். “அத்தான், போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. என் கேமராவிலயே ரெண்டு ரோல் எடுக்கறேன். ஒண்ணு நீங்க சுத்துங்க, ஒண்ணு நான் சுத்தறேன். ஒரே தொட்டி, ஒரே மருந்து. அப்புறம் நீங்க சொல்றபடி கேக்கறேன்.”

“நீ சுத்துனா சாக்குப்பையில திணிச்ச மாதிரி இருக்கும்” என்று எரிந்து விழுந்தாலும், அன்று இருட்டறைச் சாவி அவன் கைக்குப் போனது.

ஈரம் சொட்டச் சொட்ட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். மச்சினன் சுற்றியதில் ஒரு கறை இல்லை. இவர் சுற்றியதில் பதினேழு பிறை.

இருட்டுக்காரர் ஒரு கழிவு ஃபிலிமையும் சுருள் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு நேரே மாடிக்கு, வீட்டுக்குப் போனார். மனைவி அவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, பட்டப்பகல் வெளிச்சத்தில், தன் கை செய்வதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தார். மச்சினனும் பின்னாலேயே வந்து நின்றான்.

வலது கட்டைவிரல் ஃபிலிமை நசுக்கிக்கொண்டிருந்தது. லேசாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று கை சொன்னது. ஃபிலிம் டப்பென்று மடங்கியதைக் கண்ணால் பார்த்தார், விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு சுற்று. இன்னொரு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் ஒரு பிறை.

“ஏங்க, ரத்தம்!”

ஃபிலிமின் ஓரம் விரலைக் கிழித்திருந்தது. சட்டம் முழுக்கச் சிவப்பு. “எப்ப கிழிச்சுது?” என்று அவர் அவளைக் கேட்டார். தன் விரலைப் பற்றி இன்னொருத்தியிடம் கேட்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. பயந்துபோனார். வாழ்க்கையில் எதற்கும் பயப்படாத மனுஷன், அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம் கொதிக்கிற டீ கிளாஸைத் துணியில்லாம தூக்கினீங்களே... நானும் பெரிய வீரர்னு கேலி பண்ணேன்” என்றாள் அவள். பிறகு நூலை அறுத்துவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“கண்ணை மூடுங்க.”

மூடினார்.

“வலிச்சா சொல்லுங்க.”

காத்திருந்தார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“ம், குத்தேன். உனக்கென்ன பயம்?”

கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொடுத்தார்.

“அட, குத்துன்னு சொல்றேன்ல!”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால் மச்சினன் குரல்.

“போதும்க்கா. முழங்கைக்கே வந்துட்ட.”