ஏகமனதாக ஒரு தீர்மானம்

நாற்பத்தாறு வயதில் உளவியல் படிக்கச் சேர்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. வாரம் முழுக்க காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் விபத்துகளைப் படித்துக்கொண்டிருப்பவளுக்கு மனிதர்களைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சர்ச்சில் என்னோடு பாடும் தோழிகள், "இந்த வயசுல எதுக்கு இது?" என்றார்கள். என் கணவரோ சனிக்கிழமைச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஆசிரியைக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். சமூக உளவியல் பாடத்தில் ஒருநாள் அவர் சொன்னது இது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிறது. எல்லோருக்கும் தொல்லைதான். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தொல்லை, மற்றவர்கள் ரசிக்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்து அடுத்தவரும் ஆட்டுவார். இதற்குத் தமிழில் நல்ல பெயர் கிடைக்காமல் ஆசிரியை சற்றுத் தடுமாறிவிட்டு, "எல்லாரும் சேர்ந்து ஏமாறுறது" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தோம். தேர்வுக்கு வரும் என்று குறித்துக்கொண்டேன்.

அது எங்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்று அப்போது தெரியாது.

நாங்கள் இருப்பது ராஜகீழ்ப்பாக்கத்தில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கேட்டைத் தாண்டியதும் ஒரு பூவரச மரம், அதனடியில் ஒரு தண்ணீர்க் குழாய். அந்த மரத்தடியில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஒரு மீன்காரப் பெண்மணி அன்னக்கூடையோடு வந்து உட்காருவார். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வருபவர். "இன்னாக்கா, சங்கரா கீது, நெத்திலி கீது, பாத்துகினே நிக்கிறியே" என்று அதட்டுவார். பேரம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இனிமையாகப் பேசுகிறவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரிவாள்மனையில் மீனைச் சுத்தம் செய்து, கழிவை ஒரு பையில் கட்டி, குழாய்த் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்த வாரம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் செயலாளர் ஒரு செய்தி போட்டார். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வளாகத்துக்குள் மீன் விற்பதால் நாற்றம் வருகிறது, பூனைகள் பெருகுகின்றன, குடியிருப்பின் தரம் குறைகிறது, ஆகவே இனி அனுமதிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பாதிப் பேரை மரத்தடியில் பாத்திரத்தோடு பார்த்திருக்கிறேன். இரண்டாம் மாடி இளைஞனும் கட்டைவிரல் போட்டிருந்தான். அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று அந்தப் பெண்மணி வாராவாரம் பால்சுறாவை எடுத்துவைத்து, மாடியேறிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிறு மாலை கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி எல்லாம் முடிந்த பிறகு, போகிற போக்கில் செயலாளர் கேட்டார்.

"மீன் விஷயம். யாருக்காவது அப்ஜெக்‌ஷன் இருக்கா? இல்லைன்னா முடிச்சிடலாம்."

"எனக்கு இருக்கு சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "உங்க கஷ்டம் புரியுது மேடம். நீங்கல்லாம் ரெகுலரா சாப்பிடறவங்க. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணா கிளீன் பண்ணியே வந்துடுதே."

"நீங்கல்லாம்னா யாரு சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. பொதுவா சொன்னேன்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்மணி தரையைக் கழுவிவிட்டுப் போகிறார், வெயிலில் வேறு இடம் கிடையாது, இத்தனை வருடம் யாருக்கும் நாறவில்லையே என்றெல்லாம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. குரல் உயர்ந்ததும் நான் சொன்னதைவிடக் குரல்தான் பெரிதாகத் தெரிந்தது. "ரிலாக்ஸ் மேடம்" என்றார் ஒருவர்.

"ஓகே, ஏகமனதா பாஸ் ஆயிடுச்சு," என்றார் செயலாளர்.

"நான் எதிர்க்கிறேனே, அப்புறம் எப்படி சார் ஏகமனதா?"

"சரி, ஏறக்குறைய ஏகமனதா," என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்து மாடிப்படி ஏறும்போதே முதல் ஆள் வந்தார். முதல் மாடியில் இருக்கும் பள்ளி ஆசிரியை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்க பேசினது ரொம்பக் கரெக்ட் அக்கா. நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். எல்லாரும் வேணாங்கறப்போ நான் மட்டும் எப்படி" என்றார். மறுநாள் காலை வண்டி எடுக்கும்போது மூன்றாம் மாடிக்காரர் வந்து, ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னார். அன்று மாலை லிஃப்ட்டில் அந்த இளைஞன்.

"சாரி ஆன்ட்டி. எனக்கும் பிடிக்கல. எல்லாரும் தம்ஸ் அப் போட்டாங்க, அதான் போட்டேன்."

"எல்லாரும்னா யாருப்பா?"

லிஃப்ட் கதவு திறந்ததும் இறங்கிப் போய்விட்டான். வீட்டுக்குள் வந்து பையை மேசைமேல் எறிந்தேன். எல்லோரும் எல்லோரும் என்கிறார்களே, அந்த எல்லோரும் இவர்கள்தான். ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒளிந்துகொண்டு, வெயிலில் கூடை சுமக்கிற ஒருத்தியை வெளியே தள்ளியிருக்கிறார்கள். வேண்டாம் என்று மனதார நினைத்தவர்கள் செயலாளரையும் சேர்த்து நாலைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியையின் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான எக்ஸாம்பிள் மேடம், இதையே அசைன்மென்ட்டா எழுதுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அது மனித இயல்புங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தம்மா இப்ப மெயின் ரோட்டுல, திறந்த கால்வாய் ஓரத்துல உக்காந்திருக்காங்க. இயல்புன்னு பேர் வச்சிட்டா அவங்களுக்கு நிழல் வந்துடுமா?" என்று கேட்டேன். கோபப்பட்டது அந்த ஆள் மீதுகூட இல்லை. ஒரு கோழைத்தனத்துக்கு அழகான பெயர் கிடைத்ததும் அதுவே மன்னிப்பாக மாறிவிடுவதன் மீது. டாக்டர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் நாம் சும்மா இருப்போமா?

ஆசிரியையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது என்னோடு வந்தார். "ஒருத்தருக்கொருத்தர் தெரியாததுதானே மேடம் பிரச்சினை? தெரியவச்சிட்டா?" என்றார்.

என்னிடம் கிசுகிசுத்த ஒவ்வொருவரையும் மறுநாள் மாலை டீக்குத் தனித்தனியாக அழைத்தேன். வேறு யார் வருகிறார்கள் என்று சொல்லவில்லை. முதலில் பள்ளி ஆசிரியை வந்தார். பிறகு மூன்றாம் மாடிக்காரர். அவரைப் பார்த்ததும் பள்ளி ஆசிரியை எழுந்து, "நான் அப்புறமா வரேன் அக்கா" என்றார். உட்காருங்கள் என்றேன். அந்த இளைஞன் மனைவியோடும் குழந்தையோடும் வந்தான். அந்த வாரத்தில் இதேபோல் ரகசியமாகச் சொல்லியிருந்த இன்னும் இரண்டு வீட்டாரும் வந்தார்கள். ஹாலில் இடமில்லை. என் கணவர் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார்.

"மீன் விஷயத்துல நான் பேசினது சரின்னு என்கிட்ட சொன்னவங்க எல்லாரும் இங்க இருக்கீங்க," என்றேன். "இப்ப ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க."

மூன்றாம் மாடிக்காரர் பள்ளி ஆசிரியையிடம், "நீங்களுமா மேடம்? நீங்க சைவம்னுல்ல நினைச்சேன்" என்றார்.

"நான் சைவம்தான் சார். அதுக்காக அவங்களைத் துரத்தணுமா?"

அந்த இளைஞனின் மனைவிதான் கடைசியில் வெடித்தாள். கணவனைப் பார்த்து, "எனக்காக அந்தக்கா ரெண்டு மாடி ஏறி வந்தாங்க. நீ கட்டைவிரல் போட்டியா?" என்றாள். அவன் அங்கேயே, எல்லோர் முன்னாலும் போனை எடுத்துக் குழுவில் எழுதினான். தான் ஒத்துக்கொண்டது தவறு, தீர்மானத்தை மறுபடி பேச வேண்டும் என்று. அவனுக்குக் கீழே பள்ளி ஆசிரியை எழுதினார். பிறகு மற்றவர்கள். என் ஹாலில் இல்லாத வீடுகளிலிருந்தும் பதில்கள் வர ஆரம்பித்தன. செயலாளர் வெகுநேரம் கழித்து, "பெரும்பான்மை விருப்பம் அதுவானால் எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று போட்டார். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ரத்தானது. இந்த முறை பல கைகள் உயர்ந்தன.

நான் சாலையோரம் போய் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"போன்னு சொன்னாங்க, போய்ட்டேன். இப்ப வான்றாங்களா?" அரிவாள்மனையில் மீன் அரிந்த கை நிற்கவில்லை. "வாட்ச்மேனை வுட்டு வெரட்டுனாங்கக்கா. இத்தினி வருசமா எங்கையால துன்றாங்க, ஒருத்தராச்சும் எறங்கி வந்து இன்னான்னு கேட்டாங்களா?"

இரண்டு வாரம் அவர் வரவில்லை. வெயில் கடுமையானதும் மறுபடி மரத்தடிக்கு வந்தார், நிழலுக்காக. யாரையும் அதட்டுவதில்லை. மாடியேறி யாருக்கும் எதுவும் கொண்டுபோய்க் கொடுப்பதும் இல்லை.

போன ஞாயிறு மரத்தடியில் மீன் வாங்கக் கூட்டம். புதிதாகக் குடிவந்த ஒருவரிடம் மூன்றாம் மாடிக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவங்களை நிறுத்தப் பாத்தாங்க சார். நாங்கல்லாம் சேந்து ஃபைட் பண்ணி மீட்டிங்லயே எதிர்த்துட்டோம்."

பொய் சொல்லவில்லை அவர். அப்படித்தான் நடந்தது என்று உண்மையாகவே நம்புகிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இதற்கும் அடுத்த பருவப் பாடத்தில் ஒரு பெயர் இருக்கும்.

"முதல் மீட்டிங்ல நீங்க எனக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தீங்க சார்," என்றேன். "போன் பாத்துக்கிட்டு."

அவர் சிரித்தார். புதியவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். மீன்காரப் பெண்மணி தலைநிமிராமல், "யாருக்கு நெத்திலி, சொல்லு, வெயில் ஏறுது" என்றார்.