பனி நிற்காத இடம்

சுரங்கத்தில் வேலை என்று ஊரில் சொன்னால், "தலைக்குத் தொப்பியெல்லாம் குடுக்கறாங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தில், பாசல் நகரில் எனக்கு ஒரு மேஜை, இரண்டு கணினித் திரைகள், டிராம் போவது தெரியும் ஒரு ஜன்னல். சுரங்கம் இருந்தது விமானத்தில் மூன்று மணி நேரத் தூரத்தில், வேறொரு நாட்டில். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆறு வருஷம் அந்தக் கந்தகச் சுரங்கத்துக்கு நான் இஞ்சினியர். அங்கே நேரில் போனது மூன்றே தடவை, மூன்றும் கோடையில்.

அந்தச் சுரங்கத்தில் ஆள் யாரும் உள்ளே இறங்குவதில்லை. தரையில் துளை போட்டு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய்களை இறக்குவோம். கொதிநிலையைத் தாண்டிச் சூடாக்கிய தண்ணீரை, ஆவியாகிவிடாதபடி அழுத்தத்தோடு வெளிக் குழாய் வழியாக அனுப்புவோம். பாறை இடுக்கில் இருக்கும் கந்தகம் வெல்லப்பாகு மாதிரி உருகி அடியில் தேங்கும். உள் குழாயில் காற்றைச் செலுத்தினால் அது நுரைத்துக்கொண்டு மேலே ஏறி வரும். சூடு குறைந்தால் குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். ரொம்பக் கூடினால் பசை மாதிரித் தடித்து, நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

கந்தகத்தை விடத் தண்ணீர்தான் தலைவலி. உள்ளே அனுப்புகிற தண்ணீர் அங்கேயே தங்கினால் அழுத்தம் ஏறி, எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே மேலே வரப் பார்க்கும். அதனால் வேறு கிணறுகள் வழியாக ஆறிய தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பாசலிலிருந்து தினமும் சொல்வது என் வேலை. நான் சொன்ன அளவை மீறி அங்கிருப்பவர்கள் ஒரு வால்வைக்கூடத் திருகக் கூடாது. அந்த விதியை எழுதியவனும் நான்தான், பெருமையாகவே எழுதினேன்.

அங்கே பகல் வேலையில் கிணறுகளைப் பார்த்துக்கொண்டவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது, அவர் மொழி எனக்கு வராது. வாட்சப்பில், மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொள்வோம். முறைப்படி மேலதிகாரி வழியாக எழுதிப் போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும் என்பதால் எதையும் நேராக எனக்கே அனுப்பிவிடுவார். எங்கே தெரிந்துகொண்டாரோ, ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார். பதிலுக்கு அவருடைய பண்டிகை எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து நாலைந்து நாளில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை வெளேரென்று பனி மூடிய நிலம், நடுவில் ஒரு மேஜை அளவுக்குப் பழுப்புப் புல். "இங்கே பனி நிற்கவில்லை. தயவுசெய்து பாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்.

நான் பார்த்தேன். "அங்கே வெயில் வந்துவிட்டதா? கொடுத்துவைத்தவர்!" என்று எழுதி, பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு ஸ்மைலியையும் போட்டேன்.

"இல்லை. வெயில் இல்லை" என்று பதில் வந்தது.

எனக்கு மீட்டிங் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்றைக்கு வெளியே வரும் தண்ணீரும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரை அளக்கும் மீட்டர் உறைந்துபோய்த் தப்பாகக் காட்டும், இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அந்த இடத்தில் தரை உள்வாங்கியது. அவர் அதன்மேல் நின்றிருந்தார். இடுப்பு வரை உள்ளே போனார். கீழே கொதித்துக்கொண்டிருந்தது நான் அனுப்பிய தண்ணீர். இழுத்து வெளியே போட்டார்கள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிரோடு இருந்தார். அவருடைய போன் அந்தக் குழிக்குள் போய்விட்டது.

எங்கள் அலுவலகத்தில் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நடக்கக் குறித்திருந்த பாதையை விட்டு அவர் விலகிப் போயிருக்கிறாராம். "ஏன் போனார் என்றுதான் யாருக்கும் புரியவில்லை" என்றார். பக்கத்தில் நாலு இரும்புக் கம்பிகளும் ஒரு சிவப்பு நாடாச் சுருளும் கிடந்தன என்பதையும் அங்கிருந்து வந்த அறிக்கையிலிருந்து வாசித்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. பழுப்புப் புல், வேறொன்றும் இல்லை. நான் நெய்வேலிப் பக்கத்தில் பிறந்தவன். புல்லில் பனி இல்லாதது எனக்கு எப்படி ஒரு விஷயமாகத் தெரியும்? எனக்குப் பனி இருப்பதுதான் அதிசயம். பாசலிலும் பனி விழுந்தால் மறுநாளே சேறாகிவிடும். இதில் ஆபத்து இருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை, என்மேல் தப்பில்லை. இரண்டு வாரம் இப்படியே சொல்லிக்கொண்டு ஒரு மாதிரியாகத் தூங்கினேன்.

பிறகு பாசலில் என்றும் இல்லாதபடி நல்ல பனி விழுந்தது. எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட் இலங்கைத் தமிழர், அறுபதை நெருங்கியவர். காலையில் நான் டிராமுக்கு ஓடும்போது ஷவலால் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, உதிலை கால் வையாதேங்கோ."

"ஏன் அண்ணா?"

"பாருங்கோ, எல்லா இடமும் ஸ்னோ கிடக்கு, உதிலை மட்டும் இல்லை. கீழாலை வீட்டு ஹீட்டிங்குக்குச் சுடுதண்ணி வாற குழாய் போகுது. எங்கையோ ஒழுகுது. மண்ணை அரிச்சுப்போட்டுது எண்டால் ஆள் உள்ளுக்கை போயிடுவார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"இதென்ன பெரிய படிப்போ? முப்பது வருசமா ஸ்னோ தள்ளுறன். ஸ்னோ நிக்காத இடம் எண்டால் கீழை சூடு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்." சொல்லிக்கொண்டே கழிகளை எடுத்து வந்து அந்த இடத்தைச் சுற்றி ஊன்றி, நாடாவைக் கட்டத் தொடங்கினார். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையை விட்டு அந்த மனிதர் ஏன் விலகிப் போனார் என்று உலகத்தில் எனக்கு மட்டும் அப்போது தெரிந்துவிட்டது. வால்வைத் திருக அவருக்கு அனுமதி இல்லை, அனுமதி தரவேண்டியவன் ஸ்மைலி அனுப்பினான். மற்றவர்களாவது அதை மிதிக்காமல் இருக்கட்டும் என்று வேலி கட்டப் போயிருக்கிறார்.

விசாரணை அடுத்த வாரம் வீடியோவில் நடந்தது. படத்தைக் காட்டினால் அவர்மேல் விழுந்த பழி போய்விடும், என் வேலையும் போய்விடும். இந்த நாட்டில் தங்குவதற்கான என் பெர்மிட் வேலையோடு கட்டப்பட்டது. மகள் அந்த வருஷம்தான் ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். மனைவியிடம்கூட நான் எதையும் சொல்லவில்லை. இவையெல்லாம் காரணங்கள் என்று எழுதும்போதே கூசுகிறது, ஏனென்றால் இவற்றையும் தாண்டி என்னைத் தடுத்தது அந்த ஸ்மைலி. ஒரு அறை நிறைய ஆட்கள் அதைப் பெரிய திரையில் பார்ப்பார்களே என்ற வெட்கம். ஒரு மனிதர் வெந்து செத்திருக்கிறார், எனக்கு வெட்கம்.

திரையில் அந்தப் பக்கம் ஐந்தாறு அதிகாரிகள், மொழிபெயர்க்கும் ஒரு பெண், ஓரத்தில் தடித்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி. விபத்துக்கு முன்னால் எச்சரிக்கை ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். மீட்டர் பிரச்சினையைப் பற்றி நீளமாகப் பேசினேன், வேறு எதுவும் வரவில்லை என்றேன். குறித்துக்கொண்டார்கள். பாதையை விட்டு விலகியது ஊழியரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள்.

முடியும் நேரத்தில் அந்த அம்மா கையைத் தூக்கினார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் ஒன்று சொன்னார். சுவிட்சர்லாந்து இஞ்சினியருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், அவர் பார்த்துவிட்டார், அவர் நல்லவர், எப்படியும் ஏதாவது செய்வார் என்று. அப்படி ஒரு படம் உங்களுக்கு வந்ததா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேஜைக்கு அடியில், கால்சட்டைப் பையில் என் போன் இருந்தது.

"இல்லை, அப்படி எதுவும் வரவில்லை" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அவரிடம் சொன்னார். அவர் மெதுவாக ஏதோ பேசினார்.

"வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், அதில் ஏதோ பிதற்றியிருப்பார் என்கிறார். இத்தனை பேர் முன்னால் உங்களைச் சங்கடப்படுத்திவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறார்."

பரவாயில்லை என்றேன்.