காற்று நீங்கலாக

எங்கள் வீட்டுக் குழாய் தண்ணீர் விடுவதற்கு முன்னால் சீட்டியடிக்கும். முதலில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு புஸ், பிறகு தொண்டையைச் செருமுவது போல இரண்டு மூன்று கரகரப்பு, அதன் பிறகு மெல்லியதாகக் கிளம்பி, போகப் போக ஏறி, தெருநாய்கள் காதை விடைத்துக்கொண்டு எழுந்து நிற்கும் அளவுக்கு நீளும் ஒரே சீட்டி. அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம் இப்படி ஊதித் தீர்த்துவிட்டு, துருவும் ஈரமண்ணும் கலந்த வாடையோடு, காப்பி நிறத்தில் முதல் தண்ணீரைத் துப்பும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டவுன் அது. பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்களின் பிள்ளைகுட்டிகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. கிணற்றுத் தண்ணீர் முழுக்க உப்பு, அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் எங்கிருந்தோ குழாய் வழியாக ஐந்து நாளைக்கு ஒரு தரமோ ஏழு நாளைக்கு ஒரு தரமோ வரும். வருகிற வழியெல்லாம் கரிசல். மழைக்கு ஊதிப் பெருத்து, வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிற மண் அது. அதற்குள் புதைத்த குழாயும் மண்ணோடு சேர்ந்து நெளிந்து, மூட்டு விலகி, தண்ணீர் இல்லாத நாட்களில் காற்றைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் திறந்துவிட்டதும் அந்தக் காற்று முழுவதும் முன்னால் ஓடிவந்து, தெருவின் கடைசி வீடான எங்கள் வீட்டில் வந்து வெளியேறும். குழாயின் திருகு தேய்ந்திருந்ததால் சீட்டி.

தெருக்குழாயின் தலை எப்போதோ கழன்று போயிருந்தது. அது வாயைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் காற்று விடும். தண்ணீர் வரப்போவது யாருக்கும் தெரியாது. ஆகவே தெரு முழுவதும் எங்கள் வீட்டுச் சீட்டியை நம்பி இருந்தது. சீட்டி கேட்டதும் எதிர்வீட்டு ராமுத்தாய் அத்தை, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், "நீள்ளு, நீள்ளு" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுப்பாள். தண்ணீரைக் குறிக்கும் அந்த ஒரு தெலுங்கு வார்த்தையை எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டன. இதற்காகவே அம்மா குழாயை எந்நேரமும் திறந்தே வைத்திருந்தாள்.

அம்மாவின் பெயர் சீனியம்மாள். அப்பா லாரியில் போனார். வந்தால் வந்தார், இல்லையென்றால் இல்லை. அம்மா கம்மலை விற்றுத்தான் அந்தக் குழாய் இணைப்பை வாங்கினாள். முன்பு குடத்தோடு வரிசையில் நின்ற பொழுதையெல்லாம் அதன் பிறகு தீப்பெட்டி ஒட்டுவதில் போட்டாள். இரண்டு வேளையாக இருந்த எங்கள் சோறு மூன்று வேளை ஆனது. குழாய் போனால் மூன்றாவது வேளையும் போகும். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, அப்படித்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தண்ணீர் ஆபீஸிலிருந்து பில் வரும். அந்தக் கோடையில் வந்த பில் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. கீழே சிவப்பு மையில், தேதிக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருந்தது. அம்மா அதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள், நான் வாசித்தேன், நான் தப்பாக வாசிக்கிறேன் என்று ராமுத்தாய் அத்தையின் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள், அவனும் அதையே வாசித்தான்.

"தண்ணி வந்ததே பன்னெண்டு பதிமூணு தடவதான். இம்புட்டையும் யாருட்டி குடிச்சா?" என்றாள் அம்மா.

யார் குடித்தார்கள் என்பது அடுத்த சீட்டியில் தெரிந்தது. அந்தக் கோடையில் மண் கூடுதலாக வெடித்து, சீட்டி வழக்கத்தைவிட நீண்டுபோயிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் செய்தது விளையாட்டு. கோவில் திருவிழாவில் வாங்கிய பலூன் நாலைந்து என்னிடம் ஊதாமல் கிடந்தன. என் மூச்சுக்கு அவை உப்பவில்லை. குழாய் சும்மாதானே ஊதுகிறது என்று ஒரு சிவப்புப் பலூனை அதன் வாயில் மாட்டினேன். பலூன் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தது. என் முதுகுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. திட்டு விழும் என்று திரும்பினால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குழாயடியில் வைத்த வாளி காய்ந்து கிடந்தது. சுவரோரம் மீட்டரின் கண்ணாடிக்குள் சின்ன முள் சர்சர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா வாளியைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், பலூனைப் பார்த்தாள்.

"ஏட்டி, இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.

நான்கு பலூன்களை நிரப்பி நூலால் கட்டினோம். குடம் பிடிக்கும் பொறுப்பை ராமுத்தாய் அத்தையிடம் விட்டுவிட்டு, அம்மா ஒரு கையில் பில்லையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொள்ள, நான் பலூன்களைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தோம். "பலூன் என்ன வெலம்மா?" என்று ஒருவர் கேட்டார். "இது விக்கதுக்கில்ல அண்ணாச்சி. ஆபீஸ் சாமான்" என்றாள் அம்மா. பஸ் நிலையத்துப் பக்கம் ஒன்று வெடித்தது. மூன்றோடு போய்ச் சேர்ந்தோம்.

பில் கட்டும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தங்கையா சார். வழுக்கைத் தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். சில்லறை சரியாகக் கொண்டுவராதவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்புகிறவர் என்று பெயர். அவர் பலூன்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பிள்ளைக்குப் பொறந்தநாளா?" என்றார்.

"இல்ல சார். நீங்க குடுத்த தண்ணி. நாங்க குடிச்சது போக மிச்சம் இருந்தது. திருப்பிக் கொண்டாந்திருக்கேன், எடுத்துக்கிட்டுப் பில்லுல கழிச்சிருங்க."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. தங்கையா சார் சிரிக்கவில்லை.

"மீட்டர் பொய் சொல்லாதும்மா."

"மீட்டரு பொய் சொல்லல சார். அதுக்கு என்ன, கண்ணா இருக்கு? ஊத்துனாலும் சுத்துது, ஊதுனாலும் சுத்துது."

அவர் பேனாவை மூடி வைத்தார். ஒரு பலூனை ஜன்னல் வழியாக உள்ளே கேட்டு வாங்கி, முடிச்சை அவிழ்த்து, மூக்கருகே பிடித்தார். துரு வாடை அவருக்குத் தெரியாததா. காற்று அவர் மேசைத் தாள்களை நாலாபக்கமும் பறக்கவிட்டது. அவற்றைப் பொறுக்கி அடுக்கியபின், "அடுத்த தண்ணிக்கு நானே வாரேன். அதுவரைக்கும் குழாய அறுக்க ஆள் வராது" என்றார்.

சொன்னபடி வந்தார். மேல்நிலைத் தொட்டியைத் திறக்கிற நாள் அவருக்குத் தெரியும் அல்லவா, காலையிலேயே சைக்கிளில் வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். புஸ் வந்தது, கரகரப்பு வந்தது, சீட்டி வந்தது. அவர் ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் ஒரு கண்ணை மீட்டரிலும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதினார். எழுதி முடிப்பதற்குள் "நீள்ளு, நீள்ளு" என்ற குரலும், குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தமும், தெருவில் ஓட்டமுமாக ஆனது.

"இவங்கள்லாம் எதுக்கு ஓடுதாங்க?"

"சீட்டி கேட்டு ஓடுதாவ சார்."

அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் மேல எழுதி, பில்லக் கொறைச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு. இனிமே தண்ணி வந்த பெறகுதான் குழாயத் தெறக்கணும். அடைச்சு வச்சா மீட்டரு நிக்கும்."

"மீட்டரு நிக்கும் சார், தெருவும்லா நிக்கும்" என்றாள் அம்மா.

சம்மதித்துவிடு என்று எனக்கு வயிற்றுக்குள் ஓடியது. மூன்றாவது வேளைச் சோறு எனக்குப் பிடித்திருந்தது. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாளே தவிர, சரி என்று சொல்லவில்லை. வாசலில் குடத்தோடு நின்ற ராமுத்தாய் அத்தை, "நாங்க பாத்துக்கிடுதோம் மதினி, அடைச்சிரு" என்றாள். "ஆமா, ஒன் மூக்குல மோந்து பாத்துத் தண்ணி வாரதச் சொல்லிருவியாக்கும்" என்றாள் அம்மா.

தங்கையா சார் சைக்கிளை எடுத்தார். ஸ்டாண்டைத் தட்டியவர் மறுபடி போட்டார். வானத்தைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"மீட்டருக்கு முன்னால இருக்கது ஆபீஸ் குழாய். அதுல நீ ஓட்ட போட்டா குத்தம். இந்தக் கரிசல்ல கெடக்க குழாய்ல தானா ஓட்ட விழுந்தா அது ரிப்பேரு. ரிப்பேருக்கு ஃபிட்டர் வருவாரு. வந்தவரு அத எத வச்சு அடைக்காருன்னு நான் எதுக்குப் பாக்கேன்?"

"ஓட்ட எப்ப சார் விழும்?"

"புதன்கிழம வாக்குல விழும்."

புதன்கிழமை விழுந்தது. ஃபிட்டர் அந்தோணி அண்ணாச்சி அதை அடைக்க வந்தபோது கையோடு கொண்டுவந்தது பழைய பம்பு ஸ்டவ்வில் காற்றை இறக்கிவிடுகிற சின்னத் திருகு. மீட்டருக்கு முன்னால் அதைப் பொருத்தினார். திருகைத் தளர்த்தி வைத்தால் காற்று அதன் வழியாகவே வெளியேறியது, மீட்டர் தூங்கியது, சீட்டி முன்னைவிடச் சன்னமாக, முன்னைவிடத் தூரத்துக்குக் கேட்டது. தண்ணீர் தெறிக்கும்போது திருகை இறுக்கிவிட்டுக் குழாயைத் திறக்க வேண்டும். "இதுல ஒரு சொட்டுப் பிடிச்சாலும் சார் என்னக் கட்டித் தொங்க விட்டுருவாரு தாயீ" என்றார் அந்தோணி அண்ணாச்சி.

அதற்கடுத்த கோடையில் பத்து நாள் தண்ணீர் வரவில்லை. வந்த அன்று நான் அவசரத்தில் அந்தத் திருகுக்கு அடியில் ஒரு தம்ளரை நீட்டினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் நீலமாகி இறங்க ஒரு வாரம் ஆனது. "அது காத்துக்கு விட்ட வழி. நமக்கு விட்டதில்ல" என்றாள்.

பலூன் ஆண்டின் பில்லை ஓட்டை விழுந்த மறுநாளே போய்க் கட்டினோம். தங்கையா சார் பழைய தொகையை அடித்து, புதிய தொகை போட்டு, மேலதிகாரியின் கையெழுத்தையும் வாங்கி வைத்திருந்தார். ஏன் குறைத்தது என்று தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்களே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, ரசீதின் அடியில் ஊதா மையில், முத்து முத்தான எழுத்தில், 'காற்று நீங்கலாக' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். அதை அம்மாவிடம் நீட்டும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. அதனால்தான் சிரிப்பதில்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டினேன், கொல்லத்தில் முந்திரி உடைத்தேன், பம்பாய்ப் பக்கம் கட்டட வேலைக்காரர்களுக்குச் சோறு பொங்கினேன். இருந்த ஊர்களில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு வரிசையில்தான் நின்றிருக்கிறேன். எந்த ஊரிலும் அது சொல்லிவிட்டு வந்ததில்லை. போன ஆண்டு அம்மா இறந்தபின் ஊருக்கு வந்து, வீட்டுக் குழாயை என் பெயருக்கு மாற்ற ஆபீஸுக்குப் போனேன். கட்டடம் புதிது. ஜன்னல் இருந்த இடத்தில் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டர், அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். பழைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருந்தது அது ஒன்றுதான்.

"இதென்னக்கா, காற்று நீங்கலாகன்னு போட்டிருக்கு? வரி தள்ளுபடியா?"

சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பலூன் வெடித்த இடத்தில் ஒரு தரமும், புதன்கிழமையில் ஒரு தரமும் சிரித்தாள். இப்போது பிளாஸ்டிக் குழாயாம், மூட்டு விலகாதாம். தண்ணீர் விடுவதற்கு முன்னால் எல்லோருடைய செல்போனுக்கும் செய்தி போய்விடுமாம். போகும் என்பது எனக்கும் தெரியும். இரும்புக் குழாயைப் பிடுங்கியவர்கள் ஸ்டவ் திருகையும் அதோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். எங்கள் தெரு நாய்கள் எதற்கும் எழுந்து நிற்பதில்லை.

கோப்பில் வைக்க ரசீதை ஜெராக்ஸ் எடுத்தாள். வெளியே வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினாள். அம்மாவின் பெயர், வீட்டு எண், தொகை, முத்திரை எல்லாம் விழுந்திருந்தன. வெளுத்துப்போன ஊதா மை மட்டும் விழவில்லை.

"இன்னொரு தடவ அழுத்தமா எடுக்கட்டுமாக்கா?"

"வேண்டாம்மா, இது போதும்" என்றேன். ஆபீஸ் கணக்குக்குத் தண்ணீர் மட்டும் இருந்தால் சரிதான். அசலை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.