எல்லா மிஷினுக்கும் ஒரே குறிப்பு என்று நினைத்த இன்பமேரி

"ஒருத்தர் எது வேணும்னே சொல்லலைன்னா, அவருக்கு எதைக் கொடுப்பே?" 1988இல் என் அக்கா இன்பமேரி என்னிடம் இப்படிக் கேட்டாள். அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அக்கா அஸ்தம்பட்டியில் ஒரு சிறு கம்பெனியில் கம்பைலர் எழுதினாள். நாம் எழுதும் கட்டளைகளை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் புரோகிராம் அது. மிஷின் பாதியில் நின்றால் எந்த வரியில் நின்றது என்று கண்டுபிடிக்க, ஒரு பிழைக் குறிப்பையும் சேர்த்துத் தரும். குறிப்பு இரண்டு வகை. பழையதில் வரி எண் மட்டும். அக்கா உருவாக்கிய புதியதில் பெயர், மதிப்பு எல்லாம் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் திரையில்தான் படிக்க முடியும். எது வேண்டும் என்று சொல்லாதவர்களுக்குப் புதியதே போகட்டும் என்று மாற்றி, கம்பைலர் வாங்கியவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

பத்தே நாளில் பரமத்தி வேலூர்ப் பக்கத்து நூல்மில்லிலிருந்து போன் வந்தது. மிஷினை இயக்கும் கம்பெனியின் கன்ட்ரோல் போர்டு பொருத்திய மிஷின் நின்றுவிட்டது, காரணம் தெரியவில்லை. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் போர்டைக் கழற்றிவிடுவதாக மேனேஜர் சொன்னார். அந்த மில்லின் அடுத்த ஆர்டரை நம்பித்தான் கம்பெனியே நடந்தது.

அக்கா பஸ் பிடித்துப் போனாள். ஃபிட்டர் சின்னண்ணன், கையடக்கமான டெஸ்டர் பெட்டியை மிஷினில் சொருகிக் காட்டினார். அதில் ஆறு இலக்கங்கள்தான் தெரியும். இப்போது வெறும் கோடுகள்.

"ஏனுங்க அம்மிணி, முன்னெல்லாம் வரி நம்பர் வரும், அச்சடிச்ச புரோகிராம் லிஸ்டுல பாத்துக்குவேன். இப்ப உங்க பொட்டி எனக்கு நாமம் போடுதுங்களே!"

"புரோகிராமை மாத்தி கம்பைல் பண்றப்ப பழைய வகை வேணும்னு அடிச்சீங்களா அண்ணா?"

"எங்கீங்க அடிக்கறது? மிஷின் நின்னா மேனேஜர் பொடனியில நிக்கறாருங்க. புரோகிராம் பேரை அடிச்சு எண்டரைத் தட்டுனா போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

அக்காவுக்குச் சுரீரென்றது. எதையும் கேட்காதவர் அவசரத்தில் இருப்பவர். அவர் கையில் உள்ள கருவி எதைப் படிக்குமோ, அதுதான் தானாக வர வேண்டும்.

கம்பெனி முதலாளி சண்முகவேல், "எல்லாத்துக்கும் பழசையே போட்டுரு மேரி. வம்பே வேண்டாம்" என்றார்.

"எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு வச்சதுதான் சார் நான் பண்ணின தப்பு. திரும்ப அதையே பண்ணச் சொல்றீங்களே!"

இரண்டு நாள் உட்கார்ந்து கம்பைலருக்குள் ஒரு பட்டியல் வைத்தாள். எதையும் கேட்காவிட்டால், மில் போர்டுக்கு என்றால் வரி எண். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு என்றால் புதிய குறிப்பு.

சனிக்கிழமை காலை, மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்க, சின்னண்ணன் பேரை மட்டும் அடித்து எண்டரைத் தட்டினார். டெஸ்டரில் 214 வந்தது. லிஸ்டைப் புரட்டியவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட சாமி! நாந்தானுங்க ஒரு சைபரைச் சேத்திப் போட்டுட்டேன்! நூலறுந்தா ரண்டு செகண்டு நிக்கச் சொல்றதுக்கு, இருவது செகண்டு! போர்டு அதை ஏத்துக்காம நின்னுருச்சுங்க!"

திருத்தியதும் மிஷின் ஓடியது. மேனேஜர் மற்ற பதினொரு மிஷின்களுக்கும் அங்கேயே போர்டு கேட்டார். சத்தத்தில் அக்காவுக்குக் காது கேட்கவில்லை. அவர் விரல் விட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லையாம்.

மிஷினோடு வேலை செய்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். இன்பமேரி என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.